கையளவு மேகம்

சென்னையிலிருந்து இரயிலில் வருகிறவர்களுக்குச் செங்கற்பட்டு தன் வரவைக் கொளவாய் ஏரியால் அறிவிக்கும். புறநகர்க் கட்டடங்களின் நெரிசல் ஓய்ந்து, சாளரத்தின் ஓரமாக நீர்ப்பரப்பு விரியும்போது, பெட்டியில் உறங்குகிறவர்கூட ஒருமுறை கண் விழித்துப் பார்ப்பார். சென்ற ஆடி மாதத்தில், அருள்சகோதரியர் இல்லம் ஒன்றில் தியான உரை ஆற்றுவதற்காக நான் அவ்வழியே வந்தேன். தென்மாவட்டப் பங்கு ஒன்றில் பணியாற்றும் எனக்கு அந்தப் பகுதி அவ்வளவாகப் பழக்கமில்லாதது. நடைமேடையில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சாமி, என்னைத் தெரியுதுங்களா?"

முகத்தை அடையாளம் காண ஒரு கணம் பிடித்தது. குரலை அடையாளம் காண அந்த ஒரு கணமும் தேவைப்படவில்லை. எட்டு ஆண்டுகள் குருமடச் சிற்றாலயத்தில் என் இடப்பக்கத்து இருக்கையிலிருந்து காலைச் செபத்தைத் தொடங்கிவைத்த குரல் அது. அன்று எங்களுக்குள் 'டா' அன்றி வேறு விளி இருந்ததில்லை. இன்று அவன் கைகூப்பி நின்று 'சாமி' என்றான், 'நீங்கள்' என்றான். மரியாதை சில வேளைகளில் தொலைவின் மறுபெயர் என்பதை அந்த நடைமேடையில் உணர்ந்தேன்.

அவன் குருமடத்தை விட்டுச் சென்றது 1996இல். இறையியல் இரண்டாம் ஆண்டு முடியவிருந்த நேரம். ஒரு நாள் காலைச் செபத்துக்கு அவனுடைய இருக்கை வெறுமையாக இருந்தது. உணவறையில் அவனுடைய தட்டு எடுக்கப்பட்டிருந்தது. யாரும் அவனைப்பற்றிப் பேசவில்லை. பேசக் கூடாது என்று யாரும் தடை விதிக்கவுமில்லை. நாங்களே பேசாதிருந்தோம். போனவனைப் பற்றிப் பேசினால் நம் அழைத்தலையும் ஐயுறுவார்களோ என்ற அச்சம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அந்த அச்சத்துக்கு நாங்கள் 'விவேகம்' என்று பெயரிட்டிருந்தோம்.

அவனிடமிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றைப்பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரயில் நிலையத் தேநீர்க் கடையில் நின்றபடி அவன் தன் வாழ்க்கையைச் சில வாக்கியங்களில் சொல்லி முடித்தான். வேலை நிமித்தமாக நாகபுரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது, மகள் படித்து முடித்துச் செங்கற்பட்டில் பணியில் இருப்பது, அவளோடு தங்குவதற்காக ஊர் திரும்பியது. மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், இந்து. அவர்களுடைய திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அன்றிலிருந்து அவன் ஓர் ஆலயத்தின் படியையும் மிதிக்கவில்லை.

"ஒரு உதவி கேட்கணும் சாமி" என்றான். "கோவளத்து மாதா கோயிலுக்கு அவ ஒரு நேர்த்திக்கடன் வெச்சிருந்தா. எம் பொண்ணுக்கு நாலு வயசுல காய்ச்சல் வந்து பொழைக்காதுன்னு சொன்னப்போ வேண்டிக்கிட்டது. சின்ன வயசுல அவங்க அம்மாவோட அந்தக் கோயிலுக்குப் போவாளாம். வருஷா வருஷம் லீவுக்கு வரும்போது போகலாம்னு சொல்லுவா. நாந்தான் தள்ளிப் போட்டேன். இப்போ நானாவது போயி ஒரு மெழுகுவத்தி வெக்கணும். தனியாப் போகக் கால் வரல."

தியானம் முடிந்த மறுநாள் பிற்பகலில் போவது என்று முடிவு செய்தோம். நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகும் ஆயனாக என்னை நானே எண்ணிக்கொண்டேன். சகோதரியருக்கு நான் ஆற்றிய இறுதி உரையும் அந்த உவமையைப்பற்றியதே.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாகச் செல்லும். அங்குள்ள மலைக்கோயிலுக்கு நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு உண்டு செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1990களின் இறுதிக்குப் பின் அவை வருவதில்லை. பேருந்து நின்ற வேளையில் அவன் மலையை அண்ணாந்து பார்த்தான். "வராதுன்னு தெரிஞ்சும் இந்த ஊர்க்காரங்க மேல பார்ப்பாங்கன்னு அவ சொல்லுவா" என்றான். அவன் பேச்சில் அவர் அடிக்கடி வந்துகொண்டிருந்தார்.

மாமல்லபுரத்தில் வேறு பேருந்து மாறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றோம். வலப்புறத்தில் சவுக்குத் தோப்புகளுக்கு இடையே கடல் தோன்றித் தோன்றி மறைந்தது. சாளுவன்குப்பத்தைக் கடந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இக்கரையை ஆழிப்பேரலை தாக்கியதை நாம் மறந்திருக்க முடியாது. அந்த அலைக்குப் பின், 2005இல், இவ்வூரில் மணலுக்கடியில் புதைந்துகிடந்த பழைய முருகன் கோயில் ஒன்றின் செங்கல் கட்டுமானத்தைத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர். ஒருகாலத்தில் மக்கள் கூடி வழிபட்ட இடம் அது. அதன்மேல் மணல் மூடிப் பல நூற்றாண்டுகள் யாரும் அறியாமல் நடந்திருக்கிறார்கள். நான் இதை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். உண்மையில், பேச வேண்டியதைப் பேசாமலிருப்பதற்காகவே வரலாறு பேசினேன்.

கோவளம் மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சிறிய மீனவ ஊர் என்றாலும் உலக வரலாறு அதன் கரையில் பலமுறை வந்து மோதியிருக்கிறது. இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள ஆசுடெண்டு துறைமுகத்தின் பெயரால் 1722இல் பேரரசர் ஆறாம் சார்லசிடம் உரிமை பெற்ற வணிகக் குழுமம் இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. 1727இல் அக்குழுமத்தின் வணிகம் நிறுத்தப்பட்டது. பின்னர் இங்கு எழுந்த கோட்டையை 1752இல் இராபர்ட்டு கிளைவு கைப்பற்றித் தகர்த்தார். வணிகரும் படைவீரரும் போய்விட்டார்கள். தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் அன்னையின் ஆலயமும் நிற்கின்றன. இரண்டு இடங்களுக்கும் எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அவனுடைய மனைவியும் அவருடைய தாயும் அப்படி வந்தவர்களே.

ஆலயத்தை 1808இல் கட்டுவித்தவர் ஜான் டிமான்டி என்னும் போர்த்துக்கீசிய வணிகர். சென்னையில் பெரும் செல்வராக விளங்கித் தம் சொத்துகளைத் திருச்சபையின் அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றவர். 1821இல் மறைந்த அவர் கோவளத்து ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பெயரைக் கேட்டதும் என் நண்பன், "பேய்ப் படத்துல வர்ற பேராச்சே!" என்றான். சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பை வைத்து 2015இல் வெளிவந்த திரைப்படத்தைத்தான் அவன் குறிப்பிட்டான். மாநகரில் பேய்க்கதையாகிவிட்ட ஒருவர், இக்கரையில் தாம் கட்டிய ஆலயத்தில் நாள்தோறும் மக்களின் செபத்தைக் கேட்டபடி உறங்குகிறார். மனிதரை நினைவுகூர்வதிலும் எத்தனை வேறுபாடு!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலைத் திருப்பலிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தேன். உட்பொருள் அறைக்குச் சென்று என்னை அறிமுகம் செய்துகொண்டு கூட்டுத்திருப்பலியில் சேர்வதே வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். நான் அவன் கையைப் பற்றி அழைத்துப் போவேன் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்குள் ஓர் அம்மா முந்திக்கொண்டார். மீன் விற்றுவிட்டு வந்தவர் போலும், கூடையை வெளிச்சுவர் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி, "ஏன் தம்பி நிக்கிறீங்க? உள்ள எடம் இருக்கு, வாங்க" என்றார். யார், எந்த ஊர், எந்தப் பங்கு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாம் அமர்ந்த விசிப்பலகையில் எங்களுக்கும் இடம் விட்டார்.

பங்குத்தந்தையாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பீடத்திலிருந்தே இறைமக்களைப் பார்த்துப் பழகியவன் நான். அறிமுகமற்ற ஆலயத்தின் கடைசி வரிசையிலிருந்து பீடத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். சில மாதங்களுக்கு முன் என் பங்கு ஆலயத்தில் இப்படித்தான் ஒருவர் தொடர்ந்து சில ஞாயிறுகள் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். புதியவர் என்று கண்டுகொண்டேன். அடுத்த வாரம் பேசுவோம் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணினேன். பிறகு அவர் வரவில்லை. பொன் மோதிரம் அணிந்தவருக்கு இருக்கை தருவதையும் ஏழையை நிற்கச் சொல்வதையும் திருத்தூதர் யாக்கோபு கண்டிக்கும் பகுதியை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். யாரையும் நான் நிற்கச் சொன்னதில்லை என்பது உண்மைதான். வந்தவரை யாரென்று கேளாமலிருந்துவிட்டேன்.

திருப்பலி தொடங்கியது. முதல் வாழ்த்துக்கு என் நண்பன் உரத்த குரலில் மறுமொழி கூறினான். அவன் கூறியது அவன் நாளில் வழங்கிய மறுமொழி. புதிய மொழிபெயர்ப்பில் அது மாறியிருப்பது அவனுக்குத் தெரியாது. ஆலயம் முழுவதும் ஒன்றைச் சொல்ல, அவன் குரல் மட்டும் தனியே வேறொன்றைச் சொல்லி நின்றது. முன்வரிசைச் சிறுவர் இருவர் திரும்பிப் பார்த்தனர். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டார் போல அமர்ந்திருந்த அந்த அம்மா, திருப்பலிப் பதில்கள் அச்சிட்ட அட்டை ஒன்றை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவன் மடியில் வைத்தார்.

காணிக்கை நேரம் வந்தது. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் அப்போது என் நினைவுக்கு வந்தது. இல்லை, வந்து என்னைப் பிடித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். காணிக்கையோடு பீடத்தை அணுகும் ஒருவன், தன்மீது தன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று அங்கே நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் போய் உறவை ஒப்புரவாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார் ஆண்டவர். குறை என் மனத்தில் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. என் சகோதரனின் மனத்தில் இருந்தால் என்கிறார். இப்போது அந்தக் கடிதங்களைப்பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதல் கடிதம் 1996இல், அவன் போன இரண்டாம் மாதம் வந்தது. நலம் விசாரிப்பு, வேலை தேடுவதுபற்றிச் சில வரிகள். பதில் எழுதவில்லை. இரண்டாவது கடிதம் 1998இல் வந்தது. தான் ஒரு பெண்ணை விரும்புவதாகவும், அவர் இந்து என்றும், அவரை மதம் மாறச் சொல்லத் தனக்கு மனமில்லை என்றும், ஆலயத்தில் திருமணம் நடக்க வேண்டும் என்பதே தன் ஆசை என்றும் எழுதியிருந்தான். அதற்கு வழி இல்லை என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உண்மையிலேயே வழி இல்லையா, நீ படிக்கிறாயே, பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தான்.

வழி இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1086ஆம் விதி, திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணப்பது தடை என்று கூறிவிட்டு, எந்த நிபந்தனைகளின்கீழ் அத்தடையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பதையும் கூறுகிறது. மணமகள் மதம் மாற வேண்டியதில்லை. அந்த ஆண்டுதான் திருமணச் சட்டம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அந்த விதியின் எண்ணை நான் தேர்வில் எழுதினேன், நண்பனுக்கு எழுதவில்லை. திருநிலைப்பாடு நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டுப் போனவனோடு கடிதத் தொடர்பு என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று நினைத்தேன். திருநிலைப்பாடு முடிந்ததும் எழுதலாம் என்று வைத்திருந்தேன். முடிந்தபின், இத்தனை நாள் கழித்து என்ன எழுதுவது என்ற கூச்சம் வந்தது. கூச்சம் சோம்பலாயிற்று, சோம்பல் மறதியாயிற்று. இப்படியாக ஏறத்தாழ 27 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் நாள்தோறும் காணிக்கையோடு பீடத்தை அணுகினேன்.

நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தது. அவன் எழவில்லை. நானும் எழவில்லை. காலையில் திருப்பலி நிறைவேற்றியிருந்தேன் என்பது காரணமன்று. அந்த மாலையில் என் இடம் அவன் பக்கத்திலேயே என்று பட்டது.

திருப்பலி முடிந்ததும் மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு அன்னையின் சுரூபத்தருகே சென்றான். காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. அந்த அம்மா வந்து கையைக் குவித்துக் காற்றை மறைத்தார். "யாருக்குத் தம்பி?" என்று கேட்டார். "என் வீட்டம்மாவுக்கு. வேண்டுதல் வெச்சிருந்தாங்க, இப்போ இல்ல." "பேரு என்ன?" அவன் பெயரைச் சொன்னான். எந்தப் புனிதரின் பெயரும் அல்ல அது. கேட்டவுடன் சமயம் தெரியும் பெயர். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெயரை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லி, அந்த ஆன்மாவுக்கு இளைப்பாற்றி வேண்டிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். என் நண்பன் அப்போதுதான் அழுதான். அவர்களுடைய திருமணத்தில் எந்த ஆலயத்திலும் ஒலிக்காத பெயர் அன்று ஓர் ஆலயத்தில் செபமாக ஒலித்தது. அதை ஒலிக்கச் செய்தவர் இறையியல் படித்தவர் அல்லர்.

பின்னர்க் கடற்கரைக்கு நடந்தோம். படகுகள் கரையேறியிருந்தன. வலைகளை உதறும் ஓசை கேட்டது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

"அந்த ரெண்டாவது கடுதாசி கிடைச்சுதா?" என்று கேட்டான். 'சாமி' என்ற சொல் அதில் இல்லை.

"கிடைச்சுது."

"தபால்ல தொலைஞ்சிருக்கும்னு நெனச்சேன். உங்க சிநேகிதர் பதில் போடலையான்னு அவ ரெண்டு தடவ கேட்டா. அவகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

நான் கைவிட்ட நண்பன், தன் மனைவியின் முன்னால் என் நற்பெயரைக் காத்து வந்திருக்கிறான்! ஆயிரம் பேருக்கு மேல் ஒப்புரவு வழங்கியிருக்கும் நான், எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் மணலில் நின்றேன். பிறகு நடந்ததை நடந்தபடியே சொன்னேன். வழி இருந்தது என்பதையும், அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன். "என்னை மன்னிச்சிடுடா" என்றேன்.

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிக்கறதுக்கு அவளும் இருந்திருக்கணும்" என்றான். வெகுநேரம் கழித்து, "சரி, வா. பஸ் போயிடும்" என்றான்.

வாசகர்களே, இங்கே ஓர் இனிய முடிவை எழுத எனக்கும் ஆசைதான். அவன் மறுநாளே ஒப்புரவு அருட்சாதனம் பெற்றான், இப்போது ஞாயிறுதோறும் ஆலயம் செல்கிறான் என்று எழுத முடியவில்லை. ஆனால் கோவளத்து ஆலயம் கார்மேல் அன்னைக்கு உரியது. கார்மேல் மலை எலியா இறைவாக்கினரின் மலை. அரசர்கள் முதல் நூலின் 18ஆம் அதிகாரத்தில் எலியா முதலில் செய்வது, இடிந்து கிடந்த பலிபீடத்தைச் செப்பனிடுவது. அதன்பின்னரே மழைக்காகக் காத்திருக்கிறார். கடலை நோக்கிப் பார்த்துவரும்படி பணியாளனை அனுப்புகிறார். ஒன்றுமில்லை என்று அவன் திரும்புகிறான். மீண்டும் அனுப்புகிறார். ஏழாம் முறையில்தான் கடலிலிருந்து ஒரு மனிதக் கையின் அளவே உள்ள சிறு மேகம் எழுவதைக் காண்கிறான். நான் செப்பனிட வேண்டிய பீடம் எது என்பது எனக்கு அந்தக் கரையில் விளங்கிற்று. மழை எப்போது வரும் என்பது என் கையில் இல்லை.

பங்குக்குத் திரும்பிய இரவே ஒரு தாளை எடுத்து, 1998இல் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன். விதியின் எண்ணையும் எழுதினேன். எழுதாமல் இருந்த காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினேன். உறையின்மேல் அவன் பெயரோடு அவன் மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதி அஞ்சல் செய்தேன்.

இரண்டு வாரங்கள் பதில் இல்லை. அந்த இரண்டு வாரங்களில், பதிலுக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதைச் சிறிதளவேனும் கற்றுக்கொண்டேன். மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்தான். கடிதம் கிடைத்ததையும் அதை மகளிடம் படிக்கக் கொடுத்ததையும் கூறினான். வேறொன்றும் அதுபற்றிச் சொல்லவில்லை. வைப்பதற்கு முன், "நவம்பர் ரெண்டாம் தேதி கோவளம் போகலாம்னு இருக்கோம். பொண்ணும் வரா. நீ வர முடியுமா?" என்று கேட்டான்.

நவம்பர் இரண்டு இறந்தோர் நினைவு நாள். பங்கில் கல்லறை மந்திரிப்பும் திருப்பலிகளும் நிறைந்த நாள். அந்த நாளில் பங்கை விட்டு நான் இதுவரை வெளியே சென்றதில்லை. பக்கத்துப் பங்குத்தந்தையிடம் உதவி கேட்டிருக்கிறேன்.